முகத் தொய்வுக்கு ஊசியா, ஆபரேஷனா? தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

போன ஐப்பசியில் பாலக்கோட்டிலிருந்து சித்தி போன் செய்தார். "தையில உன் தங்கச்சிக்குக் கல்யாணம். நிச்சயதார்த்த போட்டோவைப் பார்த்தியா கண்ணு, பொண்ணுக்குப் பாட்டி மாதிரி நிக்கிறேன். பெங்களூர்ல முகத்தை இழுத்துத் தைக்கிறாங்களாமே, எவ்வளவு ஆகும்னு விசாரிச்சுச் சொல்லு."

சித்திக்கு 58 வயது. முப்பது வருஷம் தக்காளித் தோட்டத்து வெயிலில் நின்றவர். நான் பெங்களூரில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் 11 வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். அதனால் சொந்தத்தில் யாருக்கு மூக்கு, காது, முகம் பற்றிச் சந்தேகம் வந்தாலும் போன் எனக்குத்தான் வரும். சித்திக்குச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தும் அளவும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியவை. அவர் அறைக்குள் நுழையும் முன் உங்களுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

"ஊசியா, ஆபரேஷனா" என்பது ரெண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. முகத்தில் எது மாறியிருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தோலின் நிறமா, தோலில் விழுந்த கோடா, உள்ளே இருந்த கொழுப்பு வற்றியதா, தசை தொங்கியதா, பல் போய்த் தாடை எலும்பு கரைந்ததா? இது ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தொங்கும் தோலுக்கு எத்தனை ஊசி போட்டாலும் அது தொங்கத்தான் செய்யும். மங்கு விழுந்த கன்னத்தை ஆபரேஷன் செய்து இழுத்தால், மங்கு கொஞ்சம் காதுப் பக்கம் நகரும், அவ்வளவுதான்.

முதல் படி: கைக்கண்ணாடியும் ஜன்னலும்

காலை பத்து மணி வாக்கில் ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். டியூப்லைட் வெளிச்சம் வேண்டாம். மஞ்சள், பவுடர் எதுவும் இல்லாமல் முகத்தைக் கழுவித் துடைத்திருக்க வேண்டும். முதலில் சும்மா பாருங்கள். கண்ணில் முதலில் படுவது நிறமா, உருவமா? நம் பக்கத்துத் தோலில் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். நிறத் திட்டு முந்திக்கொண்டு வந்துவிடும். வயது கூடித் தெரிவதாகச் சொல்லி வருபவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது மங்கும் கண்ணடிக் கருமையும்தான்.

அடுத்து புருவத்தைச் சுளியுங்கள், நெற்றியை ஏற்றுங்கள், பல் தெரியச் சிரியுங்கள். அசைக்கும்போது மட்டும் கோடு வந்து, விட்டதும் மறைந்தால் அது தசை போடும் கோடு. விட்ட பிறகும் நின்றால் தோலிலேயே பதிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம் கட்டிலில் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, கண்ணாடியை முகத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். தொய்ந்த சதை காதுப் பக்கமாகச் சரிந்துவிடும். அந்த முகம் உங்களுக்குப் பிடித்திருந்தால், உங்கள் பிரச்சனை தொய்வு. படுத்த பிறகும் கன்னம் குழியாகவே இருந்தால், உள்ளே கனம் குறைந்திருக்கிறது. உட்கார்ந்தபடி இன்னொன்றும் செய்யலாம். காதுக்கு முன்னால் ரெண்டு விரலை வைத்து, தோலை ஒரு விரல் அகலத்துக்கு மேலும் பின்னும் தள்ளுங்கள். தாடை ஓரம் நேராகிறதா? சர்ஜன் செய்வதும் கிட்டத்தட்ட இதே திசையில்தான், தோலுக்கு அடியில் இருக்கும் அடுக்கில்.

கடைசியாக மேல் இமை. நெற்றியை உள்ளங்கையால் அழுத்தி, புருவம் ஏறாமல் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறவுங்கள். இமைத் தோல் கண்மணி மேல் விழுகிறதா? அப்படியானால் உங்கள் நெற்றிக் கோட்டுக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். கனத்த இமையைத் தூக்கத்தான் நெற்றித் தசை நாள் முழுக்க உழைக்கிறது. இவர்களுக்கு நெற்றியில் போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) போட்டால் கோடு போகும், கண் பாதி மூடிக்கொள்ளும்.

நான் நேரில் போனபோது சித்தி கட்டிலில் படுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார். வளையல் முழங்கை வரை சரிந்தது. கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "தாடை சரியாயிடுச்சு. கன்னம் அப்படியேதான் குழியா இருக்குது" என்றார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மேல் வரிசையில் ரெண்டு பக்கமும் கடைவாய்ப் பல் இல்லை. எடுத்து ஆறேழு வருஷம் ஆயிற்றாம்.

இரண்டாம் படி: வயதா, வியாதியா?

பல் போன இடத்தில் தாடை எலும்பு வருஷா வருஷம் கரையும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் உள்ளிருந்து கிடைத்த முட்டு போய்விடும். ஒழுங்கான பல் செட் கட்டினால் வாயைச் சுற்றி இருக்கும் குழி ஓரளவு எழும். அங்கே ஃபில்லர் (பள்ளத்தை நிரப்பும் ஊசி) போடுவது, தூண் இல்லாத திண்ணைக்கு வெள்ளையடிக்கிற கதை. நம் ரெண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். அது எவ்வளவு தேய்த்தாலும் போகாது, பல் டாக்டர்தான் வெளுக்கவோ மேல்பூச்சு வைத்து மறைக்கவோ முடியும். சிரிப்பதற்கே கூச்சப்பட்டு உதட்டை மூடி மூடி இறுகிப்போன முகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முகத்துக்கு என்று எடுத்து வைத்த பணத்தில் முதல் பங்கை பல்லுக்குக் கொடுங்கள் என்பது என் கட்சி.

முகம் உப்பி, தோல் வறண்டு, முடி கொட்டினால் தைராய்டு பாருங்கள். காலையில் கண்ணைச் சுற்றி வீக்கம் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை. நெற்றிப் பொட்டிலும் கழுத்திலும் வெல்வெட் துணி மாதிரிக் கறுத்துத் தடித்தால் சர்க்கரை. சாயங்காலமானால் மட்டும் இமை இறங்குகிறது என்றால் நரம்பு டாக்டர் பார்க்க வேண்டியது. ஒரு பக்க இமையோ வாயோ திடீரென்று இறங்கினால் அது அழகு விஷயமே இல்லை. அந்த நிமிஷமே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூன்றாம் படி: தோலுக்கு ஆறு மாசம் கொடுங்கள்

வெயில்தான் முகத்துக்கு முதல் எதிரி. 2012-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. 28 வருஷம் டெலிவரி வண்டி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் வயது கூடி, பாளம் பாளமாகத் தடித்திருந்தது. கண்ணாடி வழியாகவும் புற ஊதா கதிரில் ஒரு வகை உள்ளே வரும். அமெரிக்காவில் ஸ்டியரிங் இடது பக்கம் என்பதால் அவருக்கு இடக் கன்னம். நம் ஊர் டிரைவருக்கு வலக் கன்னம். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடிப் பக்கம் டீக்கடையில் நிற்கும் லாரிக்காரர்களின் முகத்தை ரெண்டு பக்கமும் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

எஸ்பிஎஃப் 30-க்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும். மங்கு உள்ளவர்கள் தோல் நிறச் சாயம் கலந்ததாக வாங்குங்கள். அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு, சாதாரண வெளிச்சத்தால் மங்கு கறுப்பதையும் தடுக்கும். களத்து மேட்டில் நிற்பவரிடம் ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசு என்று சொன்னால் சிரிப்பார். காலையில் ஒரு தடவையாவது பூசிக்கொண்டு, முந்தானையோ துண்டோ தொப்பியோ போட்டுக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்கு ட்ரெட்டினாயின் என்ற க்ரீம். பட்டாணி அளவு, முதலில் வாரம் ரெண்டு நாள், தோல் பழகப் பழகக் கூட்டலாம். தொடக்கத்தில் உரியும், எரியும். பலன் தெரிய மூணு மாசமாவது ஆகும். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் தொடக்கூடாது. தோல் டாக்டர் சீட்டு இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

சீட்டு என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் "முகம் பளிச்சுனு ஆக ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டு வாங்குவதில் பல ஸ்டீராய்டு கலந்தவை. முதல் ரெண்டு வாரம் பளபளக்கும். மாசக்கணக்கில் பூசினால் தோல் காகிதம் மாதிரி மெலிந்து, சிவந்த நரம்பு தெரியும், உதட்டுக்கு மேல் முடி முளைக்கும், நிறுத்தினால் முகம் பற்றி எரியும். 2018-ல் அரசு இவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்ற பட்டியலில் சேர்த்தது. விற்பனை நிற்கவில்லை. இப்படிக் கெட்டுப்போன தோலின் மேல் லேசரோ பீலிங்கோ (மருந்து பூசி மேல் தோலை உரிப்பது) செய்தால் கதை கந்தல்.

இந்த ஆறு மாசத்திலேயே பாதிப் பேருக்கு ஊசி ஆசை போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன்.

நான்காம் படி: ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது

ஊசியில் ரெண்டு ஜாதி. ஒன்று தசையைத் தளர்த்தும், இன்னொன்று பள்ளத்தை நிரப்பும். ரெண்டையும் போடாக்ஸ் என்றே சொல்வார்கள், அங்கேதான் குழப்பம்.

போடாக்ஸ் என்பது தசைக்குப் போகும் நரம்புச் செய்தியைச் சில மாசம் தடுத்து வைக்கும் மருந்து. மாறுகண்ணுக்கும் கண் துடிப்புக்கும்தான் முதலில் பயன்பட்டது. கனடாவில் கரூதர்ஸ் என்ற டாக்டர் தம்பதி, கண் துடிப்புக்குப் போட்டவர்களின் புருவ மத்தியில் கோடு மறைவதைக் கவனித்து 1992-ல் எழுதினார்கள். 2002-ல் அமெரிக்கா அழகுக்கென்று அனுமதித்தது. புருவ மத்தி, நெற்றி, கண் ஓரம் என்று அசையும்போது வரும் கோடுகளுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை. போட்ட மூணு நாலு நாளில் வேலையை ஆரம்பித்து, ரெண்டு வாரத்தில் முழுசாகத் தெரியும். மூணு நாலு மாசத்தில் கரையும். போட்டுக்கொண்ட அன்று நாலு மணி நேரம் படுக்காதீர்கள், முகத்தைத் தேய்க்காதீர்கள். சில சமயம் ஒரு பக்க இமை இறங்கும். வாரக்கணக்கில் தானாகச் சரியாகும், ஆனால் முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் இறங்கினால் என்ன செய்வீர்கள்?

ஃபில்லர் என்றால் பெரும்பாலும் ஹையலூரானிக் அமில ஜெல். வற்றிய கன்னம், மூக்கிலிருந்து வாய் ஓரம் வரும் பள்ளம், கண்ணடிக் குழி. இடத்தையும் ஜெல்லையும் பொறுத்து ஆறு மாசத்திலிருந்து ஒன்றரை வருஷம் நிற்கும். ஒரு சிரிஞ்சில் இருப்பது ஒரு மில்லி. டீஸ்பூன் அஞ்சு மில்லி. அதாவது அஞ்சு சிரிஞ்ச் வாங்கினால் ஒரு டீஸ்பூன் ஜெல். இதை வைத்துத் தொங்கும் தாடையைத் தூக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் கணக்கு உதைக்கிறது அல்லவா? தொய்வு அதிகமான முகத்தில் நிரப்பிக்கொண்டே போனால் இளமை வராது, வீங்கின முகம்தான் வரும்.

ஃபில்லரில் அபூர்வமான ஆபத்து ஒன்று உண்டு, தெரிந்தே ஆகவேண்டியது. ஜெல் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் அந்தத் தோல் செத்துவிடலாம். கண்ணுக்குப் போகும் குழாயாக இருந்தால் பார்வையே போகலாம். போடும்போதோ போட்ட பிறகோ தோல் வெளுத்தால், வலை பின்னினது போல நீலம் பாய்ந்தால், வலி கூடிக்கொண்டே போனால், பார்வை மங்கினால் அன்றைக்கே, அந்த நேரமே திரும்பிப் போகவேண்டும். ஜெல்லைக் கரைக்கும் ஹையலூரானிடேஸ் என்ற மருந்து அங்கே இருக்க வேண்டும். கிளினிக்கில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "ஹையலூரானிடேஸ் இப்போ ஃப்ரிட்ஜில் இருக்கா?" முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள். சிலிகான் மாதிரி கரையாத, நிரந்தரச் சரக்கு வேண்டவே வேண்டாம். பெட்டியை உங்கள் கண் முன் பிரிக்கச் சொல்லி, அதிலிருக்கும் பேட்ச் எண் ஸ்டிக்கரை வாங்கி நோட்டில் ஒட்டி வையுங்கள்.

ஐந்தாம் படி: மெஷின்களும் நூலும்

பீலிங், லேசர், மைக்ரோநீடிலிங் (நுண் ஊசியால் தோலில் குத்துவது) எல்லாம் தோலின் மேல் பரப்புக்கானவை. மாநிறம், கருநிறத் தோலில் ஆழமாகப் போனால், சுட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். லேசான பீலிங்கைப் பல தவணையாகச் செய்துகொள்வதுதான் நமக்குச் சரி. மாங்காய் சீசன் வெயிலில் எதையும் ஆரம்பிக்காதீர்கள். ஐப்பசியில் ஆரம்பித்து மாசிக்குள் முடியுங்கள்.

ஹைஃபு (குவித்த ஒலி அலை), ரேடியோ அலை போன்றவை உள் அடுக்கைச் சூடாக்கி இறுக்குகின்றன. நாற்பது வயதில் லேசான தளர்ச்சி உள்ளவருக்கு ரெண்டு மூணு மாசம் கழித்துக் கொஞ்சம் வித்தியாசம் தெரியும். சித்தி மாதிரி முகத்துக்கு அதில் பலன் இல்லை. "ஆபரேஷன் இல்லாமல் ஃபேஸ்லிஃப்ட்" என்ற வாசகத்தை எங்கே பார்த்தாலும் பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். என் கூடப் படித்த ஒருத்தி ஒரு பார்லரில் ஆஃபர் விலைக்கு இதைச் செய்துகொண்டு, தாடையோரம் சூடு பட்டு, நாலு விரல் அகலத்துக்குக் கறுப்பு விழுந்து, அது மங்க ஒரு வருஷம் ஆனது. மெஷின் பிடித்தவர் ரெண்டு நாள் பயிற்சி எடுத்தவராம். நூல் போட்டுத் தூக்குவதும் உண்டு. நூல் சில மாசத்தில் கரையும், தூக்கல் ஒரு வருஷம் தாக்குப் பிடித்தால் அதிர்ஷ்டம். நானாக யாருக்கும் சொன்னதில்லை.

ஆறாம் படி: ஆபரேஷன்

இதைத்தான் ஃபேஸ்லிஃப்ட் என்பார்கள். முகத்தை "இழுத்துத் தைப்பது" என்று சித்தி சொன்னது பழைய முறை. தோலை மட்டும் இழுத்தால் சீக்கிரம் தளரும், காற்றில் முகம் கொடுத்த மாதிரித் தெரியும். தோலுக்கு அடியில் ஸ்மாஸ் என்று ஓர் அடுக்கு உண்டு. 1976-ல் பாரிஸில் ரெண்டு டாக்டர்கள் அதை விவரித்து எழுதிய பிறகு, அந்த அடுக்கைத் தூக்கிக் கட்டி, மேல் தோலை இழுவை இல்லாமல் அதன் மேல் படியவிடுவது வழக்கமானது. வெட்டு, காதுக்கு முன்னால் இருக்கும் மடிப்போடு இறங்கி, மடலைச் சுற்றி, பின்னால் முடிக்குள் போய் மறையும். மயக்க மருந்தோடு மூணு முதல் அஞ்சு மணி நேரம்.

அதன் பலன் சுமாராக ஏழு முதல் பத்து வருஷம். வயது நிற்காது, கடிகாரத்தைக் கொஞ்சம் திருப்பி வைத்த மாதிரி, அப்புறம் அது ஓடத்தான் செய்யும். தொங்கும் தாடைக்கும் கழுத்துக்கும் இதற்கு இணையான ஊசி கிடையாது. ஆனால் மங்கு, நுண் கோடு, கண்ணடிக் கருமை, இவற்றுக்கு இதனால் ஒன்றும் ஆகாது.

வார்டில் நாங்கள் பயந்தது முதல் 24 மணி நேரத்துக்குத்தான். ரத்தக்கட்டு. ஒரு பக்கம் மட்டும் வீக்கம் ஏறிக்கொண்டே, தோல் இறுகி, மாத்திரைக்கு அடங்காத வலி வந்தால் உடனே ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பிப் போகவேண்டும். பிரஷர் உள்ளவர்களுக்கும் ஆண்களுக்கும் இது கூடுதல். மற்றபடி முகத்தை அசைக்கும் நரம்பு அடிபடுவது அபூர்வம், பெரும்பாலும் தானாகத் திரும்பும். காது மடல் சில மாசம் மரத்துக் கிடக்கும். ஒரு அம்மா மூணு மாசமாகக் காதில் தோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் ரெண்டு தலையணை வைத்து, மல்லாந்தே தூங்க வேண்டும். தையல் அஞ்சாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பிரிப்பார்கள். ரெண்டு வாரம் யார் முகத்திலும் விழிக்க முடியாது. ஒரு மாசத்துக்கு மேல் குடம் தூக்குவது, குனிந்து களை எடுப்பது எல்லாம் கூடாது. தழும்பு மங்க ஒரு வருஷம். மாடு கறக்க வேறு ஆள் இல்லாத வீட்டில் இதை யோசிக்காமல் தேதி குறிக்கக் கூடாது.

ஆபரேஷன் என்றாலே பெரியது என்று நினைக்க வேண்டாம். மேல் இமைத் தோலைக் குறைப்பது மரப்பு ஊசியில் ஒரு மணி நேர வேலை. தழும்பு இமை மடிப்பிலேயே ஒளிந்துகொள்ளும், ஒரு வாரத்தில் தையல் பிரித்துவிடுவார்கள், பலன் பல வருஷம். ஐம்பத்தைந்துக்கு மேல், கையில் ஒரே ஒரு காரியத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால், இமை தொங்குகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பார்வையை மறைக்கும் அளவுக்கு இருந்தால் கண் டாக்டரிடம் பார்வைப் பரப்புச் சோதனை செய்து அறிக்கை வாங்குங்கள், காப்பீட்டுக்கு உதவலாம்.

இதைவிடச் சின்னது ஒன்று உண்டு. கனத்த தோடு, மாட்டல் போட்டுப் போட்டுக் கிழிந்து, நீண்ட ஓட்டையாகிப்போன காது. அரை மணி நேரத்தில் தைத்துவிடுவார்கள். முகத்துக்கு அது கொடுக்கும் திருத்தம் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

ஏழாம் படி: உங்கள் உடம்பு தாங்குமா?

இடது தோளில் சின்ன வயசில் போட்ட பிசிஜி தடுப்பூசித் தழும்பைப் பாருங்கள். தட்டையாக இருக்கிறதா, புழு மாதிரித் தடித்து மேடாக இருக்கிறதா? காது குத்தின இடத்தில் கட்டி வந்ததுண்டா? இருந்தால் உங்களுக்குத் தழும்பு தடிக்கும் உடம்பு. அதை டாக்டரிடம் நீங்களாகச் சொல்லுங்கள். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்குத் தூக்கிய தோலுக்கு ரத்தம் போதாமல் காதுப் பின்புறம் கறுத்துச் செத்துவிடலாம். முன்னும் பின்னும் நாலு வாரமாவது நிறுத்த வேண்டும், ஒளித்துப் பிடிப்பதும் கணக்கில் சேரும். சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் வரவேண்டும். இதயத்துக்காக ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் நீர்க்கும் மாத்திரை எடுப்பவர்கள் தானாக நிறுத்தக்கூடாது, எழுதிக் கொடுத்த டாக்டரைக் கேட்டுத்தான். நாட்டு மருந்து, லேகியம், மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுவதையும் மறைக்காதீர்கள்.

மனசையும் சேர்த்துத்தான் உடம்பு. கணவர் இறந்த மூணாம் மாசம், விவாகரத்து நடக்கும் சமயம், யாரோ சொன்ன ஒரு வார்த்தை தைத்த வாரம், இந்த நேரத்தில் முகத்தில் கை வைக்க வேண்டாம். ஆறு மாசம் போகட்டும்.

எட்டாம் படி: யாரிடம், எவ்வளவு தூரத்தில்

ஊசி, லேசருக்கு எம்.டி. அல்லது அதற்குச் சமமான படிப்பு படித்த தோல் டாக்டர். ஃபேஸ்லிஃப்டுக்கு எம்.சிஎச். அல்லது டி.என்.பி. முடித்த பிளாஸ்டிக் சர்ஜன். இமைக்கு அவரோ, இமை அறுவையில் தனிப் பயிற்சி பெற்ற கண் டாக்டரோ. போர்டில் "அழகியல் நிபுணர்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது படிப்பு இல்லை. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பதிவைப் பாருங்கள். கிளினிக் பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். பெங்களூர் டாக்டராக இருந்தால் கர்நாடகக் கவுன்சில்.

தோல் பிரச்சனையா, வியாதியா என்று பிரித்துப் பார்க்க தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ கிருஷ்ணகிரியில் உள்ளதோ போதும், அங்கே தோல் பிரிவு உண்டு. பெரிய வேலைக்குச் சேலமோ பெங்களூரோ போகத்தான் வேண்டும். இங்கே ஒரு விஷயத்தை யாரும் யோசிப்பதில்லை: ராத்திரி ரெண்டு மணிக்குக் கன்னம் வீங்கினால் எவ்வளவு நேரத்தில் அந்த சர்ஜன் முன்னால் போய் நிற்பீர்கள்? தர்மபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர், தொப்பூர் கணவாயில் லாரி ஏதும் கவிழாமல் இருந்தால். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90, ஓசூர் ரோட்டு நெரிசல் தனி. கிருஷ்ணகிரியில் ரயிலும் கிடையாது. அதனால் ஃபேஸ்லிஃப்ட் என்றால் முதல் ஒரு வாரம் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரிலேயே சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். அதற்கு வழியில்லை என்றால், ஆபரேஷனைத் தள்ளிப்போட அதுவே போதுமான காரணம்.

சம்மதப் படிவத்தைத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் முன்-பின் படத்தை விளம்பரத்துக்குப் போட அதிலேயே ஒரு வரி இருக்கும். வேண்டாம் என்றால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

ஒன்பதாம் படி: கணக்கு

பணத்தை ஒரு தடவைச் செலவாகப் பார்க்காமல் ஏழு வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள். போடாக்ஸ் வருஷத்துக்கு மூணு தடவை என்றால் 21 தடவை. ஃபில்லர் வருஷம் ஒரு தடவை, ரெண்டு சிரிஞ்ச் என்றாலும் 14 சிரிஞ்ச். உங்கள் கிளினிக் சொல்லும் விலையால் பெருக்கி, பஸ் செலவும் போன கூலியும் கூட்டினால், ஆபரேஷன் தொகை அவ்வளவு பெரிதாகத் தெரியாது. அதே சமயம் ஊசியை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், பிடிக்காவிட்டால் கரையும். ஆபரேஷனில் அது முடியாது. நாற்பதுகளில் இருப்பவருக்கு ஊசிப் பக்கம் தராசு சாயும், அறுபதை நெருங்கித் தாடை தொங்குபவருக்கு ஆபரேஷன் பக்கம்.

அழகுக்காக என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் தனியார் பாலிசியும் கொடுக்காது. ஜிஎஸ்டி வேறு சேரும். எழுத்தில் மொத்தத் தொகை கேளுங்கள்: தியேட்டர், மயக்க டாக்டர், மருந்து, பின் பார்வைகள், மறுபடி தியேட்டருக்குப் போக நேர்ந்தால் யார் செலவு. கடைசிக் கேள்வியைக் கேட்காமல் வராதீர்கள். வட்டிக்கு வாங்கியோ நகையை அடகு வைத்தோ இதைச் செய்யாதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

பத்தாம் படி: முகூர்த்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

ஃபேஸ்லிஃப்டுக்கு நாலிலிருந்து ஆறு மாசம். இமைக்கு ரெண்டு மாசம். லேசருக்கு ரெண்டு மூணு மாசம். ஃபில்லரும் போடாக்ஸும் ஒரு மாசம் முன்னாடி, அதுவும் முதல் தடவையாக இருக்கக் கூடாது. கடைசி ரெண்டு வாரத்தில் புது க்ரீம், புது ஃபேஷியல், பிளீச் எதுவும் தொடாதீர்கள். ஏற்கெனவே பழகின சன்ஸ்கிரீனும் தூக்கமும் போதும்.

சித்திக்கு ஐப்பசியிலிருந்து தைக்கு மூணு மாசம்தான் இருந்தது. ஃபேஸ்லிஃப்ட் அப்போதே கணக்கில் அடிபட்டுப் போயிற்று. முதலில் தர்மபுரியில் பல் செட்டுக்கு அளவு கொடுத்தார். கார்த்திகையில் சேலத்தில் மேல் இமை, ஒன்பதாம் நாள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சந்தைக்கே போய்விட்டார். கேட்டவர்களிடம் "கண் ஆபரேஷன்" என்றார், பொய்யும் இல்லை. மங்குக்குத் தோல் டாக்டர் கொடுத்த க்ரீம் பாதிக்குப் பாதி வேலை செய்தது. தாடைத் தொய்வு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

காதையும் அதே கையோடு தைத்துவிடலாம் என்று சர்ஜன் சொன்னார். தைத்தால் மறுபடி குத்த ரெண்டு மூணு மாசம் ஆகும், கல்யாணத்தன்று மூளிக் காதோடு நிற்கவேண்டி வரும் என்றதும் சித்தி எழுந்துவிட்டார். அதைப் பங்குனியில்தான் செய்துகொண்டார். இப்போது வாரம் ஒருமுறை போன் வருகிறது, ஜிமிக்கி எப்போ போடலாம் என்று.